டால்பி இருக்கிறதா என்று கேட்டாள் ஜெபசீலி

என் மனைவி ஜெபசீலியைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். டிவியை வாங்கி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. ரிமோட்டை எடுத்து நிறத்தைக் கூட்டி, குறைத்து, குட்டிச்சுவராக்கி வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாம் வகை டிவி இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர்கள் உள்ளே போன சமயம் பார்த்து செட்டிங்ஸுக்குள் புகுந்து சரி செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். ஒருமுறை என் பெரியப்பா வீட்டில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். “ஏம்மா, என் டிவிக்கு என்னா நோய்?” என்று அவர் கேட்டார். “காமாலை மாமா” என்றாள். பெரியப்பா அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடும்போதெல்லாம் டிவியை அணைத்து வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.

நாங்கள் ஓசூரில் மத்திகிரிப் பக்கம் குடியிருக்கிறோம். என் பெயர் ஸ்டெபின். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஜெபசீலிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தவள். அங்கே அவளைத் திரை சோதிக்கிற லைனில் நிறுத்தினார்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று திரை மாறி மாறி வரும். எங்காவது ஒரு புள்ளி செத்திருந்தால் அந்த போனை ஒதுக்க வேண்டும். கூட இருந்த பெண்கள் எல்லாம் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று அந்த லைனைச் சபித்தார்கள். இவளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நீலத்தில் எத்தனை நீலம் உண்டு என்று கல்யாணமான புதிதில் எனக்கு வகுப்பே எடுத்தாள். எனக்குத் தெரிந்தது எங்கள் கம்பெனி யூனிஃபார்ம் நீலம் ஒன்றுதான்.

மகள் ஃபெபா பிறந்த பிறகு ஷிப்ட் வேலைக்குப் போக முடியவில்லை. சும்மா இருக்கிற ஜாதியும் இல்லை அவள். மிக்ஸிங் கற்றுக்கொண்டாள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, நிறம் சேர்த்து முடித்துக் கொடுப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கிருஷ்ணகிரியில் சென்றாயன் என்று ஒரு வீடியோக்காரர் இருக்கிறார். அவர் படம் பிடித்துக் கொடுப்பார், இவள் வீட்டில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாத பெண், இன்றைக்கு எந்தச் சாதியில் காசியாத்திரை உண்டு, எந்த வீட்டில் நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுவாள், யார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவார்கள் என்பதையெல்லாம் ஐயர்களுக்கே சொல்லிக் கொடுப்பாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அழுகிற அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து, மூன்று மொழியும் அவளுக்கு அரைகுறையாகப் புரியும். பேச்சு மட்டும் இன்னமும் சாயர்புரம்தான்.

இந்த இடத்தில் ஹெச்டிஆர் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் கதை நகராது. வெயிலும் நிழலும் ஒரே படத்தில் வந்தால் சாதாரண வீடியோவில் ஏதாவது ஒன்று அடிபடும். வெயில் சுண்ணாம்படித்ததுபோல வெளுத்துப் போகும், அல்லது நிழலில் நிற்கிறவர் முகம் கரிக்கட்டையாகிவிடும். ஹெச்டிஆரில் இரண்டும் தெரியும். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு நல்ல விஷயத்தை ஒழுங்காக ஒரே மாதிரி செய்துவிட்டால் மனிதப் பிறவிக்கு என்ன மரியாதை? ஹெச்டிஆர் டென் என்று ஒன்று, டென் பிளஸ் என்று ஒன்று, டால்பி விஷன் என்று ஒன்று, ஹெச்எல்ஜி என்று இன்னொன்று. ஒரு டிவிக்கு இது புரியும், அது புரியாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண் மூன்று பாஷையில் பேரம் பேசுகிறாள். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற டிவிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஜெபசீலிக்கு டால்பி விஷன் மேல் தனிப் பிரியம். எனக்கு நல்ல போனஸ் வந்த வருஷம் அது ஓடுகிற டிவியாகப் பார்த்து வாங்க வைத்தாள். அதில் அவள் மிக்ஸிங் செய்த கல்யாணங்களைப் பார்ப்போம். மற்ற வீடுகளில் சினிமா பார்க்கிற நேரத்தில் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள் தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். பழகிவிட்டால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன தை மாதத்தில் வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ராமப்பன் மாந்தோப்புக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுகிற குடும்பம். ஒரே மகள் ஹேமாவதி. பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்த நேரத்தில் ராமப்பனுக்கு ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல மறைத்திருக்கிறது. டாக்டர் ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது என்று ஆபரேஷன் செய்துவிட்டார். இன்னொரு கண்ணில் ஏற்கனவே புரை. ஆக, மகள் கல்யாணத்தன்று மனிதர் ஒரு கண்ணில் கட்டும், மறு கண்ணில் மூட்டமுமாக மணமேடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் புரையையும் எடுத்து, கண்ணாடி போட்டு, இப்போது பார்வை திரும்பிவிட்டது. ஆனால் மகள் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. இனி வீடியோவில் பார்த்தால்தான் உண்டு. எங்கள் பக்கம் இன்னும் அதைக் கேசட் என்றுதான் சொல்லுவோம். கேசட் வந்தால் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, சமைத்துப் போட்டு, எல்லோரும் சேர்ந்து பார்ப்பதுதான் வழக்கம். அதற்காகவே ராமப்பன் புது டிவி வாங்கி மாட்டியிருந்தார்.

சென்றாயன் பிடித்த அந்தப் படத்துக்கு மிக்ஸிங் வேலை நடந்துகொண்டிருந்தபோது ராமப்பனின் மனைவி முனிலட்சுமியம்மாள் சென்றாயனிடம் நம்பர் வாங்கி ஜெபசீலியைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

“கண்ணு, தாரை வார்க்கற எடம் இருக்குதில்ல, அத மட்டும் நல்லாத் தெரியற மாதிரி பண்ணிக் குடு. இவரு அன்னிக்கிக் கண்ணு தெரியாம சொம்பச் சாச்சுட்டாரு. தண்ணி கையில உழாம வெளிய போயிருச்சோன்னு மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுக் குமையறாரு. யாரையும் கேக்கவும் மாட்டேங்கறாரு. நான் பக்கத்துலதான் நின்னேன், ஆனா அழுதுக்கிட்டு நின்னவளுக்கு என்னா தெரியும்?”

தாரை வார்ப்பது என்றால், பெண் கையையும் மாப்பிள்ளை கையையும் சேர்த்து மேலே தேங்காய் வைத்து, பெண்ணைப் பெற்றவர் சொம்புத் தண்ணீரை விடுவது. தண்ணீர் அந்தக் கைகளில் விழுந்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். தரையில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ராமப்பன் அதைத்தான் இத்தனை நாளாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தார்.

ஜெபசீலி அந்த இடத்தை எடுத்துப் பார்த்தாள். வீட்டு முன் பந்தல், காலை முகூர்த்தம். சூரியன் சரியாக ராமப்பனின் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராவுக்குள் அடிக்கிறது. சாதாரண வீடியோவில் கைகள் இருக்கிற இடம் முழுக்க ஒரே வெள்ளை. தண்ணீரும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் முகங்கள் கறுத்தன. ஹெச்டிஆரில் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஒரு நாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, தண்ணி கையில விழுந்துச்சா இல்லையா?” என்றேன்.

“அது அவுக பாக்க வேண்டியது. உங்ககிட்ட நான் எதுக்குச் சொல்லுதேன்? அங்க வந்து பாருங்க.”

கட்டின புருஷனுக்கே இந்தக் கதி. சரி, தொழில் ரகசியம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவள் செய்ய வேண்டியதை முறையாகத்தான் செய்தாள். முனிலட்சுமியம்மாளுக்குப் போன் போட்டு, “அம்மா, உங்க புது டிவில டால்பி இருக்கா?” என்று கேட்டாள். “இருக்குது கண்ணு! டிவி மேலயே ஒட்டியிருக்குது” என்று பதில் வந்தது. அடுத்து அந்தம்மாள் விருந்துக்கு என்ன சமையல் என்று ஆரம்பித்தார், பேச்சு அங்கே போய்விட்டது. டால்பி விஷனிலேயே, புரியாத டிவிக்கும் சாதாரண ஹெச்டிஆராகத் தெரிகிற வகை ஒன்று உண்டு. புரிந்த டிவிக்கு மட்டும் என்று இன்னொரு வகை உண்டு. ஜெபசீலி இரண்டாவதில் போட்டாள். எங்கள் டிவியில் அது ஒரு மயிரிழை நன்றாக இருந்ததாம். அந்த மயிரிழையை அவளைத் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அவள் குணம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஃபெபாவை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, குருபரப்பள்ளியில் திரும்பி வேப்பனப்பள்ளி ரோட்டில் பைக்கை விட்டோம். ஜெபசீலியும் வந்தே ஆக வேண்டும் என்பது ராமப்பன் கட்டளை. முதுகில் லேப்டாப் பை இல்லாமல் அவள் எங்கும் வரமாட்டாள். ராமப்பன் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். ஹேமாவதியும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் நாலைந்து பேர் நாற்காலியில். ராமப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு நேரே உட்கார்ந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு இன்றைக்குத்தானே அவர் வருகிறார்.

ஜெபசீலி பென்டிரைவைச் செருகினாள். மங்கள வாத்தியம் முழங்கியது. சத்தம் தியேட்டர் மாதிரி வந்தது. படத்தில் மணமகள் ஹேமாவதி வந்தாள். முகம் முழுக்கப் பச்சை. பட்டுப்புடவை ஊதா. வாழைமரம் ஊதா, ஐயர் பச்சை, மாப்பிள்ளை பச்சையும் ஊதாவுமாகப் பாதிப் பாதி.

நான் பார்த்தது டிவியை இல்லை, ராமப்பனை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஐயோ, என்னாது இது, எம்பொண்ணு பச்சக்கிளி கணக்கா இருக்குது!” என்று முனிலட்சுமியம்மாள் கத்தினார்.

ராமப்பன் சட்டென்று திரும்பினார். “உனக்கும் பச்சையாத்தான் தெரியுதா?”

“எல்லாருக்கும் பச்சையாத்தான் தெரியுது!”

“அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது!” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நான் பயந்தே போயிட்டேன். ஆபரேஷன் பண்ணது வீணாப்போச்சுன்னு நெனச்சேன்.”

கூடமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் மட்டும், “எடுத்ததுமே இப்பிடி வருதே, சகுனம்...” என்று இழுத்தார். “பச்சைன்னா பயிர் நெறம். நல்ல சகுனந்தான்” என்று முனிலட்சுமியம்மாள் ஒரே வெட்டாக வெட்டினார். அப்படிப்பட்ட சம்பந்தியம்மாளிடம் மேற்கொண்டு பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜெபசீலி சிரிக்கவில்லை. டிவி அருகே போய் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, இது டால்பி ஆடியோல்லா! நான் படத்துக்குக் கேட்டேன். டால்பி விஷன் இந்த டிவிக்குப் புரியாது, அதான் நெறம் மாறிட்டு.”

“நீ டால்பி இருக்குதான்னுதான கேட்ட கண்ணு? டால்பின்னா சத்தந்தான?”

இதில் முனிலட்சுமியம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டால்பி என்றால் தியேட்டரில் நெஞ்சு அதிர்கிற சத்தம் என்றுதான் நம் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அதே பெயரைப் படத்துக்கும் வைத்தவன் முனிலட்சுமியம்மாளைக் கேட்டுக்கொண்டா வைத்தான்? விவரம் தெரிந்த ஜெபசீலி அல்லவா முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்? இதை அங்கேயே அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

லேப்டாப்பில் சாதா காப்பி ஒன்று வைத்திருந்தாள். அதை வயர் போட்டு டிவியில் ஓட்டினாள். முகங்கள் முகமாக வந்தன. ராமப்பன் மகளைப் பார்த்து, “எங்கம்மா, என்னா லட்சணம்!” என்று பூரித்துப் போனார். நலங்கு, ஊர்வலம், மாலை மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும், இவர் யார், அவர் எப்போது வந்தார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். தாரை வார்க்கிற இடம் நெருங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. நாற்காலி நுனிக்கு வந்தார்.

திரையில் அவர் கட்டுப்போட்ட கண்ணோடு சொம்பைத் தூக்கினார். சாய்த்தார். அவ்வளவுதான், கைகள் இருந்த இடத்தில் வெயில் வெள்ளையாகக் கொட்டியது. மேளம் கொட்டி முடிந்தது. சொம்பு கீழே இறங்கியது.

“தண்ணி எங்க?” என்றார் ராமப்பன். அதை அவர் மெதுவாகத்தான் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்காமல் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெபசீலி படத்தை நிறுத்தினாள். “ஐயா, இந்த டிவிக்குப் புரியுத மாதிரி இந்த ஒரு எடத்த மட்டும் நான் மாத்திப் போடுதேன். ஹெச்டிஆர் டென் இதுல ஓடும், எழுதியிருக்கு. நீங்க எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க. அதுக்குள்ள வந்துரும்.”

“நீயும் சாப்புடு கண்ணு.”

“இது முடியாம எனக்கு இறங்காதும்மா.”

அவள் கூடத்து மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை ஏதோ ஒன்றைத் தப்பாக அமுக்கி, பழையபடி டால்பி விஷனிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு உதவி. “லேப்டாப்புக்கு விசிறுங்க, எனக்கில்ல” என்றாள்.

பின்கட்டில் பந்தி. களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கோழி வறுவல், கடைசியில் தோட்டத்து மாம்பழம். நான் இரண்டு பந்தியையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ராமப்பன் இலையில் எதையும் சரியாகத் தொடவில்லை என்று முனிலட்சுமியம்மாள் முணுமுணுத்தார். எல்லோரும் கை கழுவி வந்து சேர்ந்தபோது ஜெபசீலி பென்டிரைவை மறுபடி செருகினாள். டிவி மூலையில் ஹெச்டிஆர் என்று எழுத்து வந்து மறைந்தது. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதே பந்தல், அதே வெயில். ஆனால் இப்போது வெயில் தனியாகவும் மனிதர்கள் தனியாகவும் தெரிந்தார்கள். சொம்பின் விளிம்பு மினுங்கியது. கட்டுப்போட்ட கண்ணோடு ராமப்பன் சாய்க்கிறார். தண்ணீர் ஒரு கம்பியாக இறங்குகிறது. கைகளில் இல்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் பாயில் விழுகிறது.

கூடத்தில் யாரோ “ச்சொ” என்றார்கள். ராமப்பன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

அப்போது திரையில் ஹேமாவதி தலையைத் தூக்கினாள். அப்பாவின் கட்டுப்போட்ட கண்ணை ஒரு பார்வை, தண்ணீரை ஒரு பார்வை. மாப்பிள்ளையின் கையைத் தேங்காயோடு சேர்த்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் வைத்தாள். மாப்பிள்ளை திடுக்கிட்டு, உருளப் பார்த்த தேங்காயை இன்னொரு கையால் பிடித்தார். அதற்குள் அட்சதை விழுந்தது, எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மீதித் தண்ணீர் முழுக்க, கடைசிச் சொட்டு வரை, அந்தக் கைகளில்தான் விழுந்தது. சொம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ராமப்பன் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். மகள்தான் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

ராமப்பன் மகள் பக்கம் திரும்பினார்.

“நீ ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

ஹேமாவதிக்கு அவர் என்ன கேட்கிறார் என்பதே முதலில் புரியவில்லை. அப்பாவைத் தெலுங்கில் நான்னா என்றுதான் அவள் கூப்பிடுவாள். “எதச் சொல்லணும் நான்னா? நீங்க ஊத்தின எடத்துக்குக் கையக் கொண்டுபோனேன். அதுல சொல்றதுக்கு என்னா இருக்குது?”

முனிலட்சுமியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜெபசீலி என் சட்டையைப் பிடித்து இழுத்து, “இப்பப் பாத்தீங்கள்லா?” என்றாள் காதருகில். பார்த்தேன். இதைத் தனியாக வைத்துக்கொண்டு அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. இவளைக் கட்டியதற்காக அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ராமப்பன் மாப்பிள்ளையைப் பார்த்தார். “மாப்ள, உங்கள ரொம்ப இழுத்துட்டா போல.”

“அன்னிக்கிப் புடிச்சு இழுத்தது மாமா,” என்றார் மாப்பிள்ளை. “இன்னும் கைய உடல.”

கூடம் வெடித்துச் சிரித்தது. சகுனம் என்று இழுத்த அந்த அம்மாளும் சிரித்தார். ராமப்பன் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்தார்.

“உடாத” என்றார்.